யானைக்கால் புழுவும் பேசாத டி செல்களும்: ரத்தம் எடுப்பது முதல் முடிவைப் படிப்பது வரை

யானைக்கால் புழு உடம்பில் இருந்தாலே கால் வீங்கிவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில், தொற்று உள்ள பெரும்பாலோருக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. நிணநீர்க் குழாய்களுக்குள் தாய்ப்புழு ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரை வாழ்கிறது, லட்சக்கணக்கில் குட்டிகளை ரத்தத்தில் விடுகிறது. அந்த மனிதர் எப்போதும்போல வயலுக்குப் போய் வருகிறார். இத்தனை அந்நியப் பொருள் உடம்புக்குள் சுற்றும்போது நோய் எதிர்ப்பு செல்கள், குறிப்பாக டி செல் என்ற வெள்ளணுக்கள், என்னதான் செய்கின்றன?

1977-ல் ஆய்வாளர் எரிக் ஒட்டசனும் உடன் பணியாற்றியவர்களும் பசிபிக் தீவொன்றில் இதைச் சோதித்தார்கள். ரத்தத்தில் குட்டிப்புழு உள்ளவர்களின் செல்களைப் புழுவின் புரதத்தோடு சேர்த்து வளர்த்தபோது அவை பெரிதாக அசையவில்லை. வேறு கிருமிகளின் புரதத்துக்கு அதே செல்கள் சரியாகவே வேலை செய்தன. அதாவது செல் சாகவில்லை, சோர்ந்துபோகவும் இல்லை. இந்தப் புழுவிடம் மட்டும் பேசாமல் இருக்கிறது.

அந்த மௌனத்தை அளப்பதுதான் இங்கே நான் விவரிக்கப்போகும் சோதனை. இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. புழு உண்டாக்கும் மௌனத்தையும், ஆய்வகத்தில் நாம் தவறி உண்டாக்கிவிடும் மௌனத்தையும் கடைசி எண்ணை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. ஐஸ் பெட்டியில் வைத்த ரத்தம், செத்த செல், கெட்டுப்போன ஆன்டிஜென் (செல்கள் அடையாளம் காண வேண்டிய புழுப் புரதம்) எல்லாமே "எதிர்வினை இல்லை" என்றுதான் சொல்லும். கீழே வரும் ஒவ்வொரு படியையும் அந்த இரண்டையும் பிரிக்கும் வேலையாகவே பாருங்கள். நோய் எதிர்ப்பியல் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களையும் தொழில்நுட்பப் பணியாளர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

யாருடைய ரத்தம்?

ஆட்களைப் பிரிப்பதில்தான் பாதி ஆய்வு இருக்கிறது. பொதுவாக மூன்று குழுக்கள் வேண்டும். தொற்று இருந்தும் அறிகுறி இல்லாதவர்கள் ஒரு குழு. கால் வீக்கம் உள்ளவர்கள் இரண்டாவது. இவர்களில் பெரும்பாலோருக்கு இப்போது உயிருள்ள புழு இருக்காது, அதையும் சோதித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். நோய் பரவும் அதே ஊரில் வாழ்ந்தும் தொற்றோ அறிகுறியோ இல்லாதவர்கள் மூன்றாவது குழு. இந்த மூன்றாவது குழு இல்லாமல் செய்யும் ஆய்வுக்கு மதிப்புக் குறைவு. சென்னை நகரத்து மாணவர்களின் ரத்தத்தை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு கிராமத்து நோயாளியைப் பற்றிப் பேச முடியாது. கொசுக்கடி, வயிற்றுப் புழு, சாப்பாடு எல்லாம் வேறு.

வயிற்றுப் புழுவை எல்லாரும் மறப்பார்கள். கொக்கிப்புழுவோ ஸ்ட்ராங்கிலாய்டஸோ குடலில் இருந்தால் அதுவே எதிர்ப்பு செல்களின் போக்கை மாற்றிவிடும். ஆகவே மலப் பரிசோதனை கட்டாயம். சர்க்கரை நோய், எச்ஐவி, கர்ப்பம், ஸ்டீராய்டு மாத்திரை, அண்மையில் சாப்பிட்ட குடற்புழு மருந்து எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஒப்புதல் படிவம் அவர்கள் பேசும் மொழியில் இருக்க வேண்டும். படித்துக் காட்டுவதோடு விடாமல், "நாங்க என்ன செய்யப்போறோம்னு உங்களுக்குப் புரிஞ்ச மாதிரி திருப்பிச் சொல்லுங்கம்மா" என்று கேட்டுப் பாருங்கள். எங்கே விளக்கம் போதவில்லை என்பது அப்போதுதான் தெரியும். தொற்று உறுதியானவருக்கு மருந்து போய்ச் சேருவதற்கும் ஆய்வுக் குழுவே பொறுப்பு. நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வரும்முன் ஊசியைத் தொடவே கூடாது.

புழுவுக்கு இரவு, செல்லுக்குக் காலை

நம் நாட்டில் யானைக்காலுக்குக் காரணம் பெரும்பாலும் வுச்செரேரியா பாங்க்ராஃப்டி என்ற புழு. அதன் குட்டிகள் பகலில் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் ஒதுங்கியிருந்து இரவில் வெளியே வருகின்றன. பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் உச்சம். இங்கே இந்நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுதான்.

அதனால் ரத்தப் பூச்சு எடுக்கும் குழு இரவில்தான் போகும். டார்ச் வெளிச்சத்தில், திண்ணையில் உட்காரவைத்து விரல் நுனியில் குத்தி எடுப்பார்கள். "பகல்ல வந்தா ஆகாதாப்பா? தூங்குற நேரத்துல வந்து குத்துறீங்களே" என்று ஒரு பாட்டி கேட்டார். உடன் வந்த களப்பணியாளர் பொறுமையாக, "அந்தப் பூச்சி ராத்திரிலதான் பாட்டி வெளியே வரும்" என்றார். "அப்ப அதுவும் என்ன மாதிரி தூங்காத பொறப்பு" என்று சொல்லிக் கையை நீட்டினார் பாட்டி.

விரல் நுனிப் பூச்சில் சில சொட்டு ரத்தம்தான் சிக்கும். குட்டிகள் குறைவாக இருப்பவர்களிடம் அது தவறிவிடலாம். ஒரு மி.லி. ரத்தத்தை நுண்துளை வடிப்பான் வழியே செலுத்தி எண்ணுவது இன்னும் துல்லியம். இதோடு, தாய்ப்புழு வெளியிடும் ஆன்டிஜெனைக் கண்டுபிடிக்கும் ஸ்ட்ரிப் சோதனையும் செய்ய வேண்டும். அதைப் பகலிலேயே செய்யலாம். பூச்சில் ஒன்றும் தெரியாமல் ஸ்ட்ரிப்பில் கோடு விழுந்தால் அவருக்கும் தொற்று இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அவரைத் தவறுதலாக மூன்றாவது குழுவில் போட்டால் முழு ஒப்பீடும் குழம்பும்.

எதிர்ப்பு செல்களுக்கான ரத்தத்தை மறுநாள் காலையில் எடுங்கள். ரத்தத்தில் ஓடும் டி செல்களின் எண்ணிக்கை நாளின் நேரத்துக்கேற்ப ஏறி இறங்கும். எல்லாருக்கும் ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு தொல்லை குறையும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் டியூபில் எடுங்கள். இடிடிஏ டியூப் இதற்கு ஆகாது. டி செல் விழித்துக்கொள்ளக் கால்சியம் தேவை, இடிடிஏ அதைப் பிடித்துக்கொள்ளும். எடுத்தவுடன் டியூபை எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்காதீர்கள்.

அடுத்து வெப்பநிலை. ரத்தத்தை 20 முதல் 25 டிகிரியில் கொண்டுவர வேண்டும், ஐஸ் வேண்டாம். நான் வேலை பழகிய காலத்தில் ஒரு சித்திரை மாதத்தில், வெயிலைப் பார்த்துப் பயந்து ஒருவர் எல்லா டியூப்களையும் ஐஸ்கட்டிமேல் அடுக்கி அனுப்பினார். நல்ல எண்ணம்தான். வந்து சேர்ந்த 12 பேரின் ரத்தத்தில் ஒன்றுகூட உருப்படியான செல் தரவில்லை. அந்த 12 பேரிடமும் மறுபடி போய்க் கையை நீட்டச் சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்கும் பெட்டிக்குள் ஒரு சிறிய தெர்மாமீட்டரைப் போட்டு அனுப்பச் சொல்வேன். தெர்மாகோல் பெட்டி, அறை வெப்பத்தில் பழகிய ஜெல் பொட்டலம் இரண்டும் போதும்.

எடுத்த நேரத்தை டியூபிலேயே எழுதுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் பிரிக்கத் தொடங்கினால் நல்லது, எட்டு மணியைத் தாண்ட விடாதீர்கள். ரத்தம் பழசானால் சில வெள்ளணுக்கள் அடர்த்தி குறைந்து, நமக்கு வேண்டிய செல்களோடு கலந்துகொண்டு டி செல்லின் வேலையை அடக்கும். செல்கள் பேசாமலிருக்க நாமே வழி செய்து கொடுத்ததாகிவிடும்.

புழுவின் புரதம்

சோதிப்பது வுச்செரேரியா தொற்றை. தட்டில் போடுவதோ ப்ரூஜியா மலாயி என்ற உறவுப் புழுவின் சாறு. புதிதாக வருபவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். காரணம் எளிது: வுச்செரேரியாவுக்கு மனிதனை விட்டால் வேறு வீடில்லை, வழக்கமான ஆய்வக விலங்குகளில் அது வளராது. ப்ரூஜியாவை ஜெர்பில் என்ற சிறு கொறி விலங்கில் வளர்க்கலாம். இரண்டின் புரதங்களும் நிறையவே ஒத்துப்போகும். அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் உள்ள ஃபைலேரியா ஆய்வுப்பொருள் மையம் உலகெங்கும் ஆய்வகங்களுக்கு இந்தப் புழுப் பொருள்களைத் தருகிறது.

சாறு தயாரிப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய புழுக்களை உப்புக் கரைசலில் பலமுறை கழுவி, குளிரில் வைத்தே அரைத்து, ஒலி அலையால் உடைத்து, இரவு முழுக்க 4 டிகிரியில் ஊறவிட்டு, சென்ட்ரிபியூஜில் சுழற்றித் தெளிந்த நீரை எடுத்து, 0.22 மைக்ரான் வடிப்பானில் வடிக்க வேண்டும். புரத அளவைப் பார்த்து, சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80-ல் வையுங்கள். உருக்கிய குப்பியை மறுபடி உறையவைக்க வேண்டாம்.

சாற்றில் பாக்டீரியா நச்சு, அதாவது எண்டோடாக்சின், கலந்திருக்கிறதா என்று பார்ப்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதைத் தாண்டிப் போகிறார்கள். எண்டோடாக்சின் பட்டால் மோனோசைட் என்ற வெள்ளணுக்கள், எதிர்வினையை அடக்கும் ஐஎல்-10 என்ற புரதத்தைச் சுரக்கும். புழு உண்டாக்கும் அமைதிக்கு முக்கியக் காரணமாக நாம் தேடுவதும் அதே ஐஎல்-10-ஐத்தான். கழுவாத கண்ணாடிக் குடுவையிலிருந்து ஒட்டிய நச்சை அளந்துவிட்டு, புழுவின் தந்திரத்தைக் கண்டுபிடித்தோம் என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து செய்யப்படும் எல்ஏஎல் சோதனையால் ஒவ்வொரு தொகுதியையும் பாருங்கள். சோதனைத் தட்டின் ஒரு குழியில் நச்சை முடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்தும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். இந்தப் புழுக்களுக்குள்ளேயே வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். அதன் புரதமும் சாற்றில் இருக்கும், அதைப் பிரித்தெடுக்க வழியில்லை.

ஒரு ஆய்வின் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே தொகுதி ஆன்டிஜென்தான் வேண்டும். 60 பேரைச் சோதிக்கப் போகிறீர்கள் என்றால் 80 பேருக்கு ஆகும் அளவு முன்பே எடுத்து வையுங்கள்.

செல்லைப் பிரிப்பது

எல்லா வேலையும் இரண்டாம் வகுப்புப் பாதுகாப்பு ஹூட்டுக்குள் நடக்கட்டும். வந்த ரத்தத்தில் மஞ்சள் காமாலை பி, எச்ஐவி எதுவும் இருக்கலாம் என்று கொண்டே வேலை செய்யுங்கள். ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாதீர்கள்.

10 மி.லி. ரத்தத்தோடு 10 மி.லி. பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலைச் சேர்த்துக் கலக்குங்கள். 50 மி.லி. டியூபில், செல்களை அடர்த்திப்படி பிரிக்க உதவும் ஃபைக்கால் என்ற திரவத்தை 10 மி.லி. ஊற்றி, அதன்மேல் கலந்த ரத்தத்தை இறக்க வேண்டும். டியூபை நன்றாகச் சாய்த்து, பைபெட் நுனியைச் சுவரில் ஒட்டி, ரத்தம் சுவர் வழியே வழிந்து போகும்படி விடுங்கள். இரண்டுக்கும் நடுவில் கத்தியால் வெட்டியது போலக் கோடு தெரிய வேண்டும். கை பழகும்வரை காலாவதியான ரத்தத்தில் பழகுங்கள். முதல் பத்து முறை கோடு கலங்கத்தான் செய்யும்.

அப்புறம் சென்ட்ரிபியூஜ். 400 ஜி, 30 நிமிடம், 20 டிகிரி, பிரேக் இல்லாமல். 400 ஜி என்பது சுற்று எண்ணிக்கை அல்ல. ரோட்டரின் ஆரத்தைப் பொறுத்துக் கணக்கிட வேண்டும். 16 செ.மீ. ஆரம் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,500 சுற்று. அந்தக் கணக்கை ஒரு சீட்டில் எழுதிக் கருவியின் மூடியில் ஒட்டிவையுங்கள். வெப்பநிலையும் விளையாட்டல்ல. ஃபைக்காலின் அடர்த்தியான 1.077 என்பது 20 டிகிரிக்கானது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் அடர்த்தி கூடி சிவப்பணு கலந்துவரும். மே மாதத்தில் குளிர்விப்பு இல்லாத சென்ட்ரிபியூஜில் சுழற்றினால் செல்கள் சிவப்பணுவோடு கீழே போய்விடும், கிடைப்பது குறையும்.

பிரேக் போட்டால் சுழற்சி சட்டென நின்று அடுக்குகள் குலையும். அரை மணி நேர வேலை அரை நிமிடத்தில் போகும்.

நல்லபடியாக முடிந்தால் டியூபைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் சிவப்பணு. அதன்மேல் தெளிவான ஃபைக்கால். மேலே மஞ்சள் நிறப் பிளாஸ்மா. பிளாஸ்மாவுக்கும் ஃபைக்காலுக்கும் நடுவே பாலாடை போல மெல்லிய வெண்வளையம். நமக்கு வேண்டிய லிம்போசைட்டும் மோனோசைட்டும் அதில்தான், பிபிஎம்சி என்று சொல்வது இதைத்தான். யானைக்கால் நோயாளிகளிடம் சில சமயம் வளையம் தடித்து இளஞ்சிவப்பாக இருக்கும். தொற்றால் தூண்டப்பட்ட இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் அடர்த்தி குறைந்து வளையத்துக்கு ஏறுவதும் உண்டு. குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

பைபெட்டை வளையத்தின் ஓரமாகச் சுற்றிக்கொண்டே உறிஞ்சுங்கள், ஃபைக்கால் அதிகம் வராதபடி. புது டியூபில் நிறைய பிபிஎஸ் ஊற்றி 300 ஜி-யில் 10 நிமிடம் கழுவுங்கள். இரண்டாவது கழுவலை 200 ஜி-யில் செய்தால் பிளேட்லெட்டுகள் பெரும்பாலும் மேல்நீரோடு போய்விடும். அடியில் படிந்த செல் உருண்டையை (பெல்லட்) உடைக்கும்போது வேகமாக உறிஞ்சித் தள்ளாதீர்கள். டியூபின் அடியை விரலால் தட்டினாலே அவிழும்.

எண்ணுவது

20 மைக்ரோலிட்டர் செல், 20 மைக்ரோலிட்டர் ட்ரைபான் ப்ளூ. செத்த செல்லுக்குள் நீலம் ஏறும், உயிருள்ளது பளபளப்பாக நிற்கும். நியூபவர் அறையின் நான்கு மூலைப் பெரிய கட்டங்களில் எண்ணுங்கள். கோட்டில் உட்கார்ந்திருக்கும் செல்களில் இரண்டு பக்கக் கோட்டை மட்டும் சேர்த்துக்கொண்டு, மற்ற இரண்டை விட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றையே இருமுறை எண்ணுவோம்.

நான்கு கட்டங்களில் 52, 48, 55, 45 என்று வந்தால் சராசரி 50. சாயம் பாதி என்பதால் 2-ஆல் பெருக்க 100. அதைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் மி.லி.க்கு 10 லட்சம். கரைசல் 10 மி.லி. இருந்தால் மொத்தம் ஒரு கோடி செல். ஒரு மி.லி. ரத்தத்துக்குப் பத்து லட்சம் என்பது நல்ல விளைச்சல். புதிதாக எடுத்த ரத்தத்தில் உயிருள்ளவை 95 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். 90-க்குக் கீழே போனால் அந்த மாதிரியை நான் சோதனையில் சேர்க்க மாட்டேன்.

தட்டு போடுவது

மீடியா, அதாவது செல்களை வளர்க்கும் ஊட்டக் கரைசல்: ஆர்பிஎம்ஐ 1640, அதில் 10 சதவீதம் சூட்டில் பதப்படுத்திய சீரம், குளுட்டமின், பென்சிலின், ஸ்ட்ரெப்டோமைசின். சீரத்திலும் தொகுதி முக்கியம். சில தொகுதிகள் ஆன்டிஜென் இல்லாமலேயே செல்லைத் தூண்டிவிடும். வாங்குமுன் மூன்று நான்கு தொகுதிகளின் மாதிரியைக் கேட்டுச் சோதித்து, அமைதியாக இருப்பதை மொத்தமாக வாங்குங்கள்.

செல்லை மி.லி.க்கு 20 லட்சம் என்று சரிசெய்து, 96 குழித் தட்டில் குழிக்கு 100 மைக்ரோலிட்டர் விடுங்கள், அதாவது 2 லட்சம் செல். அதன்மேல் 100 மைக்ரோலிட்டர் ஆன்டிஜென். இரண்டும் சேரும்போது பாதியாக நீர்க்கும் என்பதால், இறுதியில் மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் வேண்டுமானால் 20 மைக்ரோகிராமாகக் கலந்து வைத்திருக்க வேண்டும். முதல் மாதத்தில் அநேகமாக எல்லாரும் தவறுவது இங்கேதான்.

ஒருவருக்கு நான் போடும் குழிகள் இவை, ஒவ்வொன்றும் மும்முறை:

- வெறும் மீடியா
- ப்ரூஜியா ஆன்டிஜென்
- பிபிடி எனப்படும் காசநோய்க் கிருமியின் புரதம்
- பிஎச்ஏ
- ப்ரூஜியா ஆன்டிஜெனோடு ஐஎல்-10-ஐ முடக்கும் ஆன்டிபாடி
- ப்ரூஜியா ஆன்டிஜெனோடு அதே வகையைச் சேர்ந்த, எதையும் முடக்காத ஆன்டிபாடி

மொத்தம் 18 குழி, 36 லட்சம் செல். மீதி 64 லட்சத்தை உறையவைக்கலாம்.

பிஎச்ஏ என்பது ராஜ்மா வகைப் பயறிலிருந்து எடுக்கும் புரதம். எந்த ஆன்டிஜெனையும் பாராமல் டி செல்களைக் கிளப்பிவிடும். அந்தக் குழியே பேசவில்லை என்றால் கோளாறு செல்லில், அந்தத் தட்டை நம்பாதீர்கள். பிபிடி, செல்லின் நினைவாற்றலைப் பார்க்க. நம் ஊரில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போடாதவர் அரிது, அதனால் பெரும்பாலோர் ஏதாவது எதிர்வினை காட்டுவார்கள். ஒரு எச்சரிக்கை: புழுத் தொற்று உள்ளவர்களிடம் காசநோய்ப் புரதத்துக்கான எதிர்வினையும் குறையலாம் என்று சென்னையில் நடந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே பிபிடி குறைந்ததை வைத்து மட்டும் செல் கெட்டது என்று முடிவு கட்டக் கூடாது. பிபிடி, பிஎச்ஏ இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

கடைசி இரண்டு குழிகளும் ஒரு ஜோடி. ஐஎல்-10-ஐ முடக்கியதும் எதிர்வினை எழுந்தால், செல்லுக்குப் பேச வாய் இருந்தது, யாரோ கையால் பொத்தியிருந்தார்கள் என்று தெரியும். ஜோடியின் மறு குழி இல்லாமல் இதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் ஆன்டிபாடி எதுவானாலும் கொஞ்சம் கலகம் செய்யக்கூடும்.

தட்டின் ஓரக் குழிகள் சீக்கிரம் வற்றும். அவற்றில் வெறும் பிபிஎஸ் ஊற்றிவிட்டு உள் குழிகளைப் பயன்படுத்துங்கள். 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, ஈரப்பதம் குறையாத இன்குபேட்டர். மின்சாரம் போய்வரும் ஊரில் இன்குபேட்டருக்குத் தனி இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று தட்டு போடும் முன்பே பாருங்கள்.

எப்போது எடுப்பது, எதை அளப்பது

ஐஎல்-10 போல, செல்கள் சேதி சொல்லச் சுரக்கும் புரதங்களுக்குச் சைட்டோகைன் என்று பெயர். ஒவ்வொரு சைட்டோகைனுக்கும் ஒரு நேரம் உண்டு. ஐஎல்-2 ஒரு நாளில் உச்சத்துக்குப் போகும். அப்புறம் செல்களே அதைக் குடித்துவிடும். இன்டர்ஃபெரான் காமா, ஐஎல்-5, ஐஎல்-10 ஆகியவற்றுக்கு 48 முதல் 72 மணி நேரம் விடலாம். செல் பெருகுகிறதா என்று பார்க்க ஐந்து ஆறு நாள் வேண்டும். புழுவுக்கு எதிராக டிஎச்2 வகை உதவி டி செல்கள் காட்டும் எதிர்வினைக்கு அடையாளம் ஐஎல்-4 என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். வளர்ப்பு மீடியாவில் அது மிகக் குறைவாகவே மிஞ்சும், அதனால் ஐஎல்-5-ஐ அளப்பது நடைமுறைக்கு உகந்தது.

செல்லுக்கு மேலே நிற்கும் மீடியாவை அடியைத் தொடாமல் எடுத்து, இரண்டு மூன்று பங்காக மைனஸ் 80-ல் வையுங்கள். எல்லாருடைய மாதிரியும் சேர்ந்த பிறகு, சைட்டோகைன் அளவைக் காட்டும் எலைசா சோதனையைச் செய்யலாம். ஒரே தட்டில் மூன்று குழுவினரும் கலந்து இருக்க வேண்டும். ஒரு குழுவைத் திங்கட்கிழமையும் இன்னொன்றை வியாழக்கிழமையும் செய்தால், கிடைக்கும் வேறுபாடு நோயினாலா கிழமையினாலா என்று சொல்ல முடியாது.

எலைசாவின் படிகளை கிட்டில் வரும் தாளே சொல்லிவிடும்: பிடிக்கும் ஆன்டிபாடி, மாதிரி, பயோட்டின் ஒட்டிய ஆன்டிபாடி, என்சைம், நீலம், அமிலம் ஊற்றியதும் மஞ்சள், 450 நானோமீட்டரில் அளவு. நான் சேர்க்க நினைப்பது ஒன்றே ஒன்று. கழுவும்போது அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு கழுவலுக்குப் பின்னும் தட்டைக் கவிழ்த்து டிஷ்யூமேல் ஓங்கித் தட்டுங்கள். பின்புல நிறம் ஏறுவதற்குப் பெரும்பாலும் கழுவலில் உள்ள சோம்பல்தான் காரணம்.

எந்த செல் பேசியது?

எவ்வளவு சுரந்தது என்பதை எலைசா சொல்லும், யார் சுரந்தது என்பதைச் சொல்லாது. ஐஎல்-10-ஐ டி செல்லும் சுரக்கும், மோனோசைட்டும் சுரக்கும், பி செல்லும் சுரக்கும். பிரித்துப் பார்க்க, செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் சோதிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி வேண்டும். இதற்குத் தனியாக இன்னும் 10 மி.லி. ரத்தம் எடுத்துவிடுவது நல்லது.

ஒரு நிலைக்குப் பத்து லட்சம் செல் என்று எடுத்து ஆன்டிஜெனோடு வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து பிரெஃபெல்டின் ஏ சேர்த்தால் செல் உண்டாக்கும் சைட்டோகைன் வெளியே போகாமல் உள்ளேயே தேங்கும். இரவு முழுக்க விட்டு, மறுநாள் முதலில் செத்த செல்லைக் காட்டும் சாயம், பிறகு சிடி3, சிடி4, சிடி8 போன்ற வெளிப்பரப்பு அடையாளங்கள், பிறகு செல்லை நிலைப்படுத்தித் துளையிட்டு உள்ளே உள்ள சைட்டோகைனுக்கான ஆன்டிபாடிகள். செத்த செல்லில் எல்லா ஆன்டிபாடியும் ஒட்டும். புழுவுக்கு எதிர்வினை காட்டும் டி செல் ஆயிரத்தில் ஒன்றிரண்டு மட்டுமே இருக்கக்கூடும் என்பதால், சாயத்தை மிச்சப்படுத்தினால் அந்த ஒன்றிரண்டைக் குப்பையிலிருந்து பிரிக்க முடியாது. எல்லைக்கோடு எங்கே போடுவது என்பதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்யாமல், ஒரு நிறத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் சேர்த்த கட்டுப்பாட்டுக் குழாயை வைத்து முடிவு செய்யுங்கள்.

கால் வீக்கம் உள்ளவர்களிடம் புழு ஆன்டிஜெனுக்கு அழற்சியைத் தூண்டும் டிஎச்1, டிஎச்17 வகை எதிர்வினை ஓங்கியிருப்பதும், கட்டுப்படுத்தும் டி செல்களின் செயல்பாடு குன்றியிருப்பதும் 2009-ல் வெளியான ஒரு ஆய்வில் தெரியவந்தது. சென்னை சேத்துப்பட்டில் அப்போது காசநோய் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் இயங்கிய நிறுவனத்தில், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து நடந்த வேலை அது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயமும் இதுதான். செல் பேசாமல் இருந்தவருக்குக் கால் வீங்கவில்லை, கூச்சலிட்டவருக்கு வீங்கியது. எதிர்வினை அதிகம் என்றால் நல்லது என்ற பழக்கமான கணக்கு இங்கே செல்லாது.

எண்களைப் படிப்பது

ஒரு உதாரணத்துக்கு மூன்று பேரின் இன்டர்ஃபெரான் காமாவை மி.லி.க்குப் பிக்கோகிராம் கணக்கில் இப்படி வைத்துக்கொள்வோம்.

முதலாமவர்: வெறும் மீடியா 40, புழு ஆன்டிஜென் 55, பிஎச்ஏ 2,400, ஐஎல்-10 முடக்கியபின் 260. இரண்டாமவர்: 45, 620, 2,300, 700. மூன்றாமவர்: 38, 50, 90, 60.

முதலில் வெறும் மீடியாவின் அளவைக் கழியுங்கள். முதலாமவருக்கு 15, இரண்டாமவருக்கு 575, மூன்றாமவருக்கு 12. புழு ஆன்டிஜென் எண்ணை மட்டும் பார்த்தால் முதலாமவரும் மூன்றாமவரும் ஒன்றுபோலத் தெரிவார்கள். ஆனால் மூன்றாமவரின் பிஎச்ஏ வெறும் 90. அவருடைய செல்கள் வழியிலேயே கெட்டுவிட்டன, அவர் பெயரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி ரத்தம் கேளுங்கள். முதலாமவர்தான் நாம் தேடியவர்: பிஎச்ஏ-வுக்கு முழு வீச்சில் எதிர்வினை, புழுவுக்கு மௌனம், வாயைப் பொத்திய கையை எடுத்ததும் குரல் எழுகிறது. மறு ஜோடிக் குழியில் 60-க்குப் பக்கத்தில்தான் இருந்தது என்றால் சந்தேகமே இல்லை.

வெறும் மீடியாவிலேயே ஐஎல்-10 உயர்ந்திருந்தால் உடனே பிழை என்று தள்ளிவிடாதீர்கள். தொற்று உள்ளவர்களின் செல்கள் தூண்டுதல் இல்லாமலே ஐஎல்-10 சுரப்பதை முன்பே கண்டிருக்கிறார்கள். மற்ற குழுவினரின் வெறும் மீடியாக் குழிகளோடு ஒப்பிடுங்கள். எல்லாருக்கும் உயர்ந்திருந்தால் மீடியாவில் கோளாறு. தொற்றுக் குழுவில் மட்டும் என்றால் அது தகவல்.

சைட்டோகைன் எண்கள் ஒருவருக்கு 20, ஒருவருக்கு 2,000 என்று சிதறும். சாதாரணச் சராசரி ஒரே ஆளின் பக்கம் சாய்ந்துவிடும். பெருக்குச் சராசரியைப் பயன்படுத்துங்கள். குழுக்களை ஒப்பிட மான்–விட்னி, ஒரே ஆளின் முன்னும் பின்னும் பார்க்க வில்காக்சன். பத்து சைட்டோகைன் அளந்து ஒன்றில் மட்டும் வேறுபாடு வந்தால், பல முறை சோதித்ததற்கான திருத்தம் செய்த பிறகும் அது நிற்கிறதா என்று பாருங்கள்.

உறையவைப்பதும் மருந்துக்குப் பின் மறுசோதனையும்

மிஞ்சிய 64 லட்சம் செல்லுக்கு 90 சதவீதம் சீரம், உறையும்போது செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓ 10 சதவீதம். அறை வெப்பத்தில் டிஎம்எஸ்ஓ செல்லுக்கு விஷம். கலந்ததும் தாமதிக்காமல் நிமிடத்துக்கு ஒரு டிகிரி இறங்கும் பெட்டியில் வைத்து மைனஸ் 80-க்கும், மறுநாள் திரவ நைட்ரஜனுக்கும் மாற்றுங்கள். எடுக்கும்போது நேர்மாறு: 37 டிகிரித் தண்ணீரில் சட்டென உருக்கி, ஓரத்தில் சிறு பனித்துண்டு மிஞ்சும்போதே வெதுவெதுப்பான மீடியாவுக்கு மாற்றி, இரவு முழுக்க ஓய்வு கொடுத்துவிட்டுச் சோதியுங்கள். உறைந்த செல்லையும் புதிய செல்லையும் ஒரே ஒப்பீட்டில் கலக்காதீர்கள்.

டிஇசி, ஆல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மருந்துகளுக்குப் பின் ரத்தத்திலிருந்து குட்டிப்புழுக்கள் குறைய, பலருக்கு அந்த அமைதியும் ஓரளவு கலைகிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் மருந்துக்கு முன் எடுத்த குப்பியையும் ஓராண்டு கழித்து எடுத்த குப்பியையும் ஒரே நாளில் உருக்கி, ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் போடுங்கள். தட்டு போடுபவருக்கு எது முன், எது பின் என்று தெரிய வேண்டாம். குப்பியில் எண் மட்டும் இருக்கட்டும், விவரம் வேறொருவரின் குறிப்பேட்டில் இருக்கட்டும். இரண்டாம் ரத்தத்துக்கு ஊருக்குப் போகும்போது, முதல் முறை எடுத்த ரத்தத்தில் என்ன தெரிந்தது என்பதைக் கொடுத்தவரிடம் சொல்லிவிட்டு ஊசியை எடுங்கள். அந்தப் பாட்டி கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "போன வருஷம் எடுத்தீங்களே, அந்தப் பூச்சி என்னாச்சுப்பா?"